ஜாமீனுக்கு மார்க் போடும் கம்ப்யூட்டரும் ஒரகடத்து ஷிஃப்ட் தொழிலாளியும்

பாங்கில் கடன் கேட்டுப் போனால் முதலில் சிபில் ஸ்கோர் பார்க்கிறார்கள். 300-லிருந்து 900-க்குள் ஒரு எண். அந்த எண் உண்மையில் எதிரே உட்கார்ந்திருக்கும் ஆளைப் பற்றிச் சொல்வதில்லை. அவரைப் போன்ற கணக்கு வழக்கு உள்ளவர்கள் முன்பு எப்படி நடந்துகொண்டார்கள் என்றுதான் சொல்கிறது. எண் குறைவாக இருந்தால் மேனேஜர் உதட்டைப் பிதுக்குவார், வட்டி கொஞ்சம் ஏறும், மிஞ்சிப்போனால் பைக் வாங்க முடியாது. அவ்வளவுதான் நஷ்டம்.

இதே வேலையைக் கோர்ட்டில் செய்யும் சாஃப்ட்வேர் அமெரிக்காவில் பல வருடங்களாக ஓடிக்கொண்டிருக்கிறது. கைதானவரின் வயது, பழைய வழக்குகள், முன்பு வாய்தாவுக்கு வராமல் போனது உண்டா என்றெல்லாம் உள்ளே போடுவார்கள். சில சாஃப்ட்வேர்கள் வேலை, குடும்பம், நண்பர்கள் வரை கேட்கும். கடைசியில் ஒரு எண் வரும். இவரை ஜாமீனில் விட்டால் திரும்ப வருவாரா, வெளியே போய் இன்னொரு குற்றம் செய்வாரா என்பதற்கான மார்க் அது. சில மாநிலங்களில் தண்டனையின் அளவை முடிவு செய்யும்போதும் அந்த மார்க் நீதிபதியின் மேஜையில் இருக்கிறது. இங்கே மார்க் குறைந்தால் போவது பைக் இல்லை, ஆளே உள்ளே போய்விடுகிறார்.

இந்தியாவில் ஜாமீனை முடிவு செய்ய இப்படி ஒரு ஸ்கோர் நடைமுறையில் இல்லை. ஆனால் பேச்சு ஆரம்பித்துவிட்டது. 2017 மே மாதம் வந்த சட்ட ஆணையத்தின் 268-வது அறிக்கை முழுக்க ஜாமீனைப் பற்றியது. அதில் எலெக்ட்ரானிக் பட்டை கட்டி விடுவது வரை விவாதம் இருக்கிறது. 2023 மார்ச்சில் பஞ்சாப் ஹரியானா உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவர் ஒரு ஜாமீன் மனுவில் சாட்ஜிபிடியிடம் சட்டக் கருத்துக் கேட்டு, பதிலைத் தீர்ப்பிலேயே சேர்த்தார் (வழக்கின் தகுதியைப் பற்றிய கருத்து அல்ல, பொதுவான புரிதலுக்குத்தான் என்று ஒரு வரியும் சேர்த்தார்). 2025 ஜூலையில் கேரள உயர்நீதிமன்றம் கீழ்க்கோர்ட்டுகளுக்கு ஒரு கொள்கை வெளியிட்டு, முடிவெடுக்கும் வேலையில் செயற்கை நுண்ணறிவு கூடவே கூடாது என்றது. ஒருவர் கதவைத் தட்டுகிறார், இன்னொருவர் தாழ்ப்பாள் போடுகிறார். ஆக, வீட்டு வாசல் வரைக்கும் வந்தாகிவிட்டது.

இந்த விஷயத்தை டெல்லியில் உட்கார்ந்து யோசிப்பதைவிட ஸ்ரீபெரும்புதூரில் உட்கார்ந்து யோசிப்பது நல்லது. ஏனென்றால் மார்க் போடும் மெஷின் எதையெல்லாம் பார்த்து "இவர் ஆபத்தானவர்" என்று சொல்லுமோ, அதெல்லாம் இந்தப் பகுதித் தொழிலாளியிடம் அப்படியே இருக்கிறது. அவர் எந்த ஆபத்தும் இல்லாதவராக இருந்தாலும் கூட.

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-ல் கார் எடுக்க ஆரம்பித்தது. பிறகு சுங்குவார்சத்திரம், ஒரகடம், வல்லம் வடகால் என்று சிப்காட்டுகள் நீண்டன. ரெனோ-நிசான், டெய்ம்லர், ராயல் என்ஃபீல்டு, யமஹா, ஃபாக்ஸ்கான், சாம்சங் என்று பெயர்ப் பலகைகள் மட்டும் பெரிய பெரியவை. உள்ளே வேலை செய்கிறவர்களில் பெரும் பகுதி காண்ட்ராக்ட், டிரெயினி, அப்ரண்டிஸ். தென் மாவட்டத்துப் பையன்கள் ஒரு பக்கம், ஒடிசா, பீகார், அசாம், மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள் இன்னொரு பக்கம். ஒரு ரூமில் ஆறு பேர், எட்டு பேர். வாடகை ஒப்பந்தம் யார் பெயரிலும் இருக்காது. காண்ட்ராக்டர் மாறினால் ரூம் மாறும், ரூம் மாறினால் சில சமயம் சிம் கார்டும் மாறும்.

இப்போது ஒரு ஆளை வைத்துக்கொள்வோம். ஒடிசாவிலிருந்து வந்து ஒரகடம் கூட்ரோடு பக்கம் தங்கியிருக்கும் 22 வயதுப் பையன். காண்ட்ராக்டில் எட்டு மாதமாக வேலை. டீக்கடையில் ஒரு தகராறு, கைகலப்பு, ஒருவருக்கு மண்டையில் அடி. போலீஸ் வருகிறது. யார் அடித்தார் என்பது விசாரணையில் தெரிய வேண்டிய விஷயம். ஆனால் அன்றைக்கு ஜீப்பில் ஏறியது இவர். மாஜிஸ்திரேட் ரிமாண்ட் செய்கிறார். ஒரு வாரம் கழித்து ஜாமீன் கிடைக்கிறது. கிடைக்கிறதா? ஆர்டர் கிடைக்கிறது. இரண்டு ஜாமீன்தாரர்கள் வேண்டும், உள்ளூர்க்காரர்களாக இருக்க வேண்டும், ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது, வி.ஏ.ஓ. சான்று வேண்டும். கேந்திரபாடாவிலிருந்து வந்த பையனுக்கு ஸ்ரீபெரும்புதூரில் வீட்டு வரி கட்டும் மாமன் மச்சான் யார் இருக்கிறார்கள்? ஆர்டர் கையில் இருக்க ஆள் உள்ளே இருக்கிறார்.

இது புதிதாகக் கண்டுபிடித்த அநியாயம் இல்லை. 1978-லேயே மோத்தி ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைப் பார்த்துவிட்டது. மத்தியப் பிரதேசத்துக் கொத்தனார் அவர். உச்ச நீதிமன்றமே ஜாமீன் கொடுத்த பிறகும் கீழ்க்கோர்ட் பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன் கேட்டது. தம்பி வந்து நின்றபோது அவருடைய சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று தள்ளியது. நீதிபதி கிருஷ்ணய்யர் அந்தக் கீழ்க்கோர்ட்டை ஒரு பிடி பிடித்தார். சொந்த நாட்டுக்குள்ளேயே ஒருவனை அந்நியனாக்குகிற வேலை இது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். 45 வருடம் கழித்து, 2023 ஜனவரி 31-ல், உச்ச நீதிமன்றம் மறுபடியும் அதையே சொல்ல வேண்டியிருந்தது: ஜாமீன் கிடைத்தும் வெளியே வராமல் கிடப்பதற்கு உள்ளூர் ஜாமீன்தாரர் கேட்பது ஒரு காரணம், அப்படிப்பட்ட கேஸ்களில் அந்த நிபந்தனையை விடலாம், ஒரு மாதத்தில் ஜாமீன் பத்திரம் கொடுக்க முடியாவிட்டால் கோர்ட்டே நிபந்தனையைத் தளர்த்துவது பற்றிப் பார்க்கலாம் என்று. 2022 கடைசியில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நூற்றுக்கு 75 பேருக்கு மேல். இவர்கள் குற்றவாளி என்று எந்தக் கோர்ட்டும் அந்த வழக்கில் இன்னும் சொல்லவில்லை.

ஆகவே முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். "மெஷின் வேண்டாம், மனிதர் போதும்" என்று சொல்கிறவர்கள் மனிதர் இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும். வீட்டு வரி ரசீதும் ஒரு ஸ்கோர்தான். சொத்து இருந்தால் பாஸ், இல்லையென்றால் ஃபெயில். கம்ப்யூட்டர் இல்லாத, பேனாவால் எழுதுகிற, யாரும் ஆடிட் செய்யாத ஸ்கோர்.

வேடிக்கை என்னவென்றால், மார்க் போடும் முறை ஆரம்பத்தில் ஏழைகளை வெளியே கொண்டு வருவதற்காகவே வந்தது. 1961-ல் நியூயார்க்கில் லூயிஸ் ஷ்வைட்சர் என்ற தொழிலதிபரும் ஹெர்பர்ட் ஸ்டர்ஸ் என்ற இளைஞரும் சேர்ந்து மன்ஹாட்டன் ஜாமீன் திட்டத்தை ஆரம்பித்தார்கள். சட்டக் கல்லூரி மாணவர்கள் லாக்கப்புக்குப் போய்க் கைதிகளிடம் பேசுவார்கள். எத்தனை வருடமாக ஒரே இடத்தில் குடியிருக்கிறாய், வேலை உண்டா, குடும்பத்தோடு தொடர்பு உண்டா, பழைய தண்டனை உண்டா? ஒவ்வொன்றுக்கும் பாயின்ட். ஊருக்குள் ஒரு முகவரியும் ஐந்து பாயின்ட்டும் இருந்தால், பணம் கட்டாமலே சொந்த ஜாமீனில் விடலாம் என்று நீதிபதிக்குச் சிபாரிசு. அப்படி வெளியே வந்தவர்களில் நூற்றுக்கு இரண்டு பேர் கூட வாய்தாவுக்கு வராமல் போகவில்லை. காசு வாங்காமல் விட்டால் ஓடிவிடுவார்கள் என்ற பயம் கணக்குப் போட்டுப் பார்த்ததும் புஸ்வாணமாகிவிட்டது.

இந்த யோசனை இந்தியாவுக்கும் வந்தது. 1979-ல் ஹுசைனாரா காத்தூன் வழக்கில், பீகார் சிறைகளில் வருடக்கணக்கில் மறக்கப்பட்டுக் கிடந்த விசாரணைக் கைதிகளைப் பார்த்து அதிர்ந்த நீதிபதி பகவதி, பணத்துக்குப் பதிலாக எதைப் பார்க்கலாம் என்று ஒரு பட்டியல் போட்டார். எவ்வளவு காலமாக அந்த ஊரில் இருக்கிறார், வேலை, குடும்பப் பிணைப்பு, நற்பெயர், பழைய வழக்கு, அவருக்காகப் பேச ஊரில் யார் இருக்கிறார்கள், குற்றத்தின் தன்மை. அப்படியே மன்ஹாட்டன் வாசனை. நல்ல எண்ணம்தான், சந்தேகமில்லை. சொத்தைப் பார்க்காதே, வேரைப் பார் என்றார்.

ஆனால் ஒரகடத்தில் வேர் எங்கே இருக்கிறது? பகவதியின் பட்டியலை அப்படியே கம்ப்யூட்டரில் ஏற்றி, அந்த ஒடிசா பையனுக்கு மார்க் போட்டுப் பாருங்கள். இந்த ஊரில் எட்டு மாதம்: மார்க் குறைவு. காண்ட்ராக்ட் வேலை, அதுவும் கைதான அன்றே லிஸ்டிலிருந்து பெயர் எடுக்கப்பட்டிருக்கும்: பூஜ்யம். குடும்பம் 1,200 கிலோமீட்டர் தாண்டி: பூஜ்யம். சிபாரிசுக்கு ஊர்ப் பெரியவர்: யாருமில்லை. வயது 22: இளம் வயது பல ஸ்கோர்களில் பாதகம். இத்தனைக்கும் அவருக்கு ஒரு பழைய கேஸ் கிடையாது. அவர் ஓடிப்போவார் என்பதற்கு ஓர் ஆதாரமும் கிடையாது. 1961-ல் ஏழையை வெளியே விடக் கண்டுபிடித்த கேள்விகள், ஊர் விட்டு ஊர் வந்து உழைப்பவனை உள்ளே வைக்கும் கேள்விகளாக மாறிவிடுகின்றன. இந்தத் தொழிற்பேட்டை முழுக்க ஓடுவதே வேரை வெட்டிக்கொண்டு வந்தவர்களால்தான். அவர்கள் வந்ததால் கம்பெனிக்கு லாபம், அரசுக்கு வரி, ஊர்க்காரருக்கு வாடகை. அதே வருகை கோர்ட்டில் மைனஸ் மார்க்.

வேலை என்ற கேள்வியை இன்னும் கொஞ்சம் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் "கண்டிஷன் பெயில்" என்றால் எல்லோருக்கும் தெரியும். தினமும் காலை 10.30 மணிக்குப் போலீஸ் ஸ்டேஷனில் கையெழுத்து. வக்கீலுக்கு இது சாதாரண விஷயம், டைப் செய்த ஃபார்மில் இருக்கும் வரி. ஏ ஷிஃப்டில் இருக்கும் தொழிலாளிக்கு? காலையில் இருட்டோடு கம்பெனி பஸ் ஏறினால் மதியம் வரை கேட்டுக்கு வெளியே வர முடியாது. 10.30-க்கு ஸ்டேஷனில் நிற்க வேண்டுமென்றால் அன்றைய ஷிஃப்ட் போச்சு. ஒரு வாரம் போனால் வேலையே போச்சு. வேலை போனால் ரூம் வாடகை போச்சு, ஊருக்குப் போக வேண்டியதுதான். ஊருக்குப் போனால் கையெழுத்துத் தவறும், ஜாமீன் ரத்தாகும், பிடிவாரண்ட் வரும். கம்ப்யூட்டர் அதைப் பார்த்து "முன்பு வாய்தாவுக்கு வராதவர்" என்று குறித்துக்கொள்ளும். ஆளை ஓட வைத்துவிட்டு, ஓடினான் என்று கணக்கு எழுதுகிற மாதிரி.

அமெரிக்காவில் டாபி, கோல்டின், யாங் என்ற மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் ஃபிலடெல்ஃபியா, மயாமி வழக்குகளை வைத்து 2018-ல் எழுதிய கட்டுரை ஒன்று உண்டு. விசாரணைக்கு முன் வெளியே விடப்பட்டவர்களுக்குப் பின்னாளில் முறையான வேலை கிடைப்பது அதிகமாக இருந்தது. உள்ளே வைக்கப்பட்டவர்கள் குற்றத்தை ஒப்புக்கொள்வது அதிகமாக இருந்தது. ரிமாண்ட் என்பது வெறும் காத்திருப்பு இல்லை, அதுவே முடிவைத் திருப்புகிறது என்று அர்த்தம்.

இனி அந்தப் புகழ்பெற்ற காம்பஸ் கதை. நார்த்பாயின்ட் என்ற தனியார் கம்பெனியின் சாஃப்ட்வேர் அது. ஃபுளோரிடாவின் பிராவார்ட் கவுன்டியில் அது போட்ட மார்க்குகளை எடுத்து, பின்னால் என்ன நடந்தது என்பதோடு ஒப்பிட்டு 2016 மே மாதம் புரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனம் வெளியிட்டது. மறுபடி குற்றம் செய்யாத கறுப்பினத்தவரில் 44.9 சதவீதம் பேரை அது "ஆபத்தானவர்" பக்கம் தள்ளியிருந்தது. வெள்ளையரில் அப்படித் தவறாகத் தள்ளப்பட்டவர்கள் 23.5 சதவீதம். கம்பெனி மறுத்தது: ஒரே மார்க் வாங்கிய கறுப்பரும் வெள்ளையரும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் மறுபடி குற்றம் செய்கிறார்கள், அதனால் எங்கள் கணக்கு நியாயமானது என்றது. கணிதக்காரர்கள் உட்கார்ந்து பார்த்ததில் தெரிந்தது என்னவென்றால், இரண்டு கூட்டத்துக்கும் கைதாகும் விகிதமே வேறாக இருக்கும்போது இரண்டு நியாயமும் ஒரே சமயத்தில் கிடைக்காது. எந்த நியாயம் வேண்டும் என்பது கணக்கு இல்லை, அரசியல். அதை சாஃப்ட்வேர் கம்பெனி முடிவு செய்துவிட்டு ரகசியமாக வைத்திருந்தது. அதே 2016-ல் எரிக் லூமிஸ் என்பவர், தன் தண்டனையில் பங்கு வகித்த ஃபார்முலாவைத் தான் பார்க்கவே முடியவில்லை என்று விஸ்கான்சின் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். தோற்றார். எச்சரிக்கைக் குறிப்போடு பயன்படுத்திக்கொள்ளலாம் என்றது கோர்ட். சிகரெட் பாக்கெட் மாதிரி :-)

இதைவிடச் சுவாரஸ்யமான விஷயம் 2018-ல் வந்தது. டிரெஸல், ஃபரீத் என்ற இருவர், சட்டமோ குற்றவியலோ படிக்காத சாதாரண ஆட்களை இணையத்தில் பிடித்து, கைதியைப் பற்றிய சின்னக் குறிப்பைக் கொடுத்து ஊகிக்கச் சொன்னார்கள். 137 விவரம் கேட்கும் காம்பஸ் எவ்வளவு சரியாகச் சொன்னதோ ஏறக்குறைய அவ்வளவு, அதாவது மூன்றுக்கு இரண்டு, இவர்களும் சொன்னார்கள். வயது, பழைய தண்டனைகளின் எண்ணிக்கை என்ற இரண்டே விவரத்தை வைத்துக்கொண்டு போட்ட எளிய ஃபார்முலாவும் அதே அளவு சொன்னது. பழைய வழக்கு உள்ள இளைஞன் என்றால் பயம், நடுவயதுக்காரர் என்றால் தைரியம். நம் ஊர் ஏட்டய்யா பெஞ்சில் உட்கார்ந்தபடியே சொல்வார் இதை.

கணக்கு ஒன்றையும் போட்டுவிடலாம், காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இது புதிதல்ல. ஜாமீனில் விட்டால் 1,000 பேரில் 50 பேர் திரும்ப வரமாட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள் (உதாரணத்துக்குத்தான்). 80 சதவீதம் சரியாகச் சொல்லும் ஒரு மெஷின் கிடைத்துவிட்டது. 50 பேரில் 40 பேரைப் பிடித்துவிடும், சபாஷ். மீதி 950 பேரில் 20 சதவீதத்தை, அதாவது 190 பேரைத் தவறாக "வரமாட்டார்" என்று சொல்லும். ஆக மெஷின் உள்ளே வைக்கச் சொன்ன 230 பேரில் 190 பேர் ஒழுங்காக வந்திருப்பார்கள். பாங்கில் 190 நல்ல வாடிக்கையாளருக்குக் கடன் மறுத்தால் வட்டி வருமானம்தான் போகும். இங்கே 190 குடும்பங்கள். வெளியே விட்டு ஓடியவர் பத்திரிகையில் வருவார். உள்ளே வைக்காவிட்டாலும் வந்திருப்பவர் எந்தப் பத்திரிகையிலும் வரமாட்டார். அதனால் இந்தத் தவறு தவறாகவே யார் கண்ணிலும் படாது.

ஸ்ரீபெரும்புதூருக்கே உரிய இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. 2010 அக்டோபரில் ஃபாக்ஸ்கான் வேலைநிறுத்தத்தின்போது நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் கைதானார்கள். 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாட்டில் நோய்வாய்ப்பட்ட தோழிகளுக்காக ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள்; பலரைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. 2024 செப்டம்பர் 9-ல் ஆரம்பித்த சாம்சங் வேலைநிறுத்தம் 37 நாள் நடந்து அக்டோபர் 15-ல் முடிந்தது. நடுவில் செப்டம்பர் 16-ல் காஞ்சிபுரத்தில் ஊர்வலம் போகக் கிளம்பியவர்களில் சுமார் நூறு பேரைப் போலீஸ் பிடித்து வைத்து, பிறகு விட்டது. தொழிற்சங்கத்தில் கொஞ்சம் முன்னால் நிற்கிற எந்த ஆளுக்கும் இந்தப் பகுதியில் அனுமதியின்றிக் கூடியது, சாலை மறியல், அரசு ஊழியரைத் தடுத்தது என்று வழக்குகள் சேருவது சகஜம். யாரையும் அடித்திருக்க மாட்டார், எதையும் திருடியிருக்க மாட்டார். ஆனால் எஃப்.ஐ.ஆர். எண்ணிக்கை நான்கு, ஐந்து. மெஷினுக்கு எண்ணிக்கைதான் தெரியும். சங்கம் வைத்தவருக்கும் சங்கிலி பறித்தவருக்கும் வித்தியாசம் தெரிய, ஒவ்வொரு எஃப்.ஐ.ஆரையும் திறந்து படிக்க வேண்டும். படிக்க நேரமில்லாததால்தானே மெஷின் கேட்கிறோம்?

மனித நீதிபதி படித்துப் பார்த்து நியாயமாகச் செய்வார் என்றும் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியவில்லை. மாருதி மானேசர் ஆலையில் 2012 ஜூலையில் நடந்த வன்முறையில் ஓர் அதிகாரி இறந்தார். 148 தொழிலாளர்கள் சிறைக்குப் போனார்கள். 2013 மே மாதம் ஜாமீன் மறுத்த உயர்நீதிமன்றம் சொன்ன காரணங்களில் ஒன்று, இம்மாதிரித் தொழிலாளர் கலவரத்துக்குப் பயந்து வெளிநாட்டு முதலீட்டாளர்கள் இந்தியாவில் முதலீடு செய்யாமல் போய்விடக்கூடும் என்பது. ஒருவர் வாய்தாவுக்கு வருவாரா என்பது கேள்வி. பதில் அந்நிய முதலீடு! 2017 மார்ச்சில் விசாரணை முடிந்தபோது 117 பேர் விடுதலை. அவர்களில் பலர் வருடக்கணக்கில் உள்ளே கழித்துவிட்டு வந்தவர்கள். ஒரு நாள் யாராவது புத்திசாலி, தொழிற்பேட்டை கோர்ட்டுகளுக்கு என்று செய்யும் சாஃப்ட்வேரில் "பொருளாதார பாதிப்பு" என்று ஒரு கட்டம் சேர்க்க மாட்டார் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

எதிர்ப்பக்க நியாயத்தையும் சொல்ல வேண்டும். இந்த வட்டாரத்தில் பயப்பட வேண்டிய ஆட்கள் இல்லாமல் இல்லை. கம்பெனிகளிலிருந்து ஸ்கிராப் எடுக்கும் காண்ட்ராக்டுக்காக வெட்டுக் குத்து நடக்கும் ஊர் இது. சாட்சி சொல்ல வந்தவர் வீட்டு வாசலில் நாலு பைக் வந்து நின்றால் சாட்சி பல்டி அடிப்பார். அந்தக் குடும்பத்துக்கு "ஜாமீன் விதி, சிறை விதிவிலக்கு" என்று வகுப்பு எடுக்க முடியாது. யார் உண்மையிலேயே சாட்சியை மிரட்டுவார் என்று கோர்ட் பார்த்துத்தான் ஆக வேண்டும். நியூயார்க் வழக்கு விவரங்களை வைத்து க்ளைன்பெர்க் குழுவினர் செய்த ஆய்வில், நீதிபதிகளுக்குப் பதில் கணிப்பு முறையை வைத்தால் குற்றம் கூடாமலே சிறையில் வைப்பவர்களை சுமார் 42 சதவீதம் வரை குறைக்கலாம் என்று வந்தது. கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்த கணக்குதான், ஆனாலும் ஒதுக்கிவிட முடியாத கணக்கு. நியூ ஜெர்சி 2017 ஜனவரி 1 முதல் ஒன்பது விவரம் மட்டும் பார்க்கும் வெளிப்படையான ஸ்கோரைக் கொண்டுவந்து, விசாரணைக் கைதிகள் எண்ணிக்கையை வெகுவாகக் குறைத்தது. ஆனால் அதே சட்டம் பண ஜாமீனையும் ஏறக்குறைய ஒழித்தது என்பதை மறந்துவிடக் கூடாது. கதவு திறந்தது ஸ்கோராலா, பணத்தை எடுத்ததாலா என்றால், இரண்டாவதுக்கே அதிக வோட்டு போடலாம்.

மேலும், ஆளைத் தரம் பிரிக்கும் வேலை தமிழ்நாட்டுக்குப் புதிதில்லை. போலீஸிடம் ஏ பிளஸ், ஏ, பி, சி என்று ரவுடிப் பட்டியல் இருக்கிறது. பேப்பரில் தினம் வரும் "சரித்திரப் பதிவேடு குற்றவாளி" அந்த வகைதான். ஒருமுறை பெயர் ஏறினால் இறங்குவது எவ்வளவு கஷ்டம் என்பது அந்தப் பட்டியலில் இருப்பவர்கள் வீட்டில் கேட்டால் தெரியும். அதற்கும் முன்னால் குற்றப் பரம்பரைச் சட்டம். 1871-ல் வடக்கே ஆரம்பித்து 1911 சட்டத்தின் மூலம் சென்னை மாகாணத்துக்கு வந்தது. பிறந்த சாதியே ரிஸ்க் ஸ்கோர். கைரேகை கொடு, ராத்திரியில் ஸ்டேஷனில் ஆஜர் ஆகு. அதை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3-ல் துப்பாக்கிச் சூடு நடந்தது. சென்னை மாகாணத்தில் 1947-ல் சட்டம் ஒழிந்தது. ஆனால் சிறை விதிகளில் அதன் மிச்சம் எவ்வளவு ஒட்டிக்கொண்டிருந்தது என்றால், 2024 அக்டோபர் 3-ல் சுகன்யா சாந்தா வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் சாதி பார்த்து வேலை பிரிக்கும் சிறை விதிகளை ரத்து செய்தது. சீர்மரபினரைப் பழக்கக் குற்றவாளிகளாகப் பார்க்கும் போக்கையும் கண்டித்தது. இத்தனை வருடப் போலீஸ் பதிவேடுகளைத்தான் மெஷினுக்குப் பாடப்புத்தகமாகக் கொடுக்கப் போகிறோம். அது சாதியைக் கேட்காது, உண்மைதான். ஊர்ப் பெயரையும் தெருவையும் அண்ணன் மேல் உள்ள கேஸையும் கேட்டால் போதுமே!

தண்டனை விஷயத்தில் இன்னும் கறாராக இருக்க வேண்டும். தண்டனை செய்ததற்குத்தான், செய்யப்போவதற்கு அல்ல. ஒரே திருட்டுக்கு, அப்பா வேலையில் இருக்கிறவனுக்கு ஆறு மாதம், அப்பா இல்லாதவனுக்கு ஒரு வருடம் என்று மார்க் சொன்னால் எந்தச் சட்டப் புத்தகத்தில் அது நியாயம்? ஆளை முழுதாகப் பார்க்க வேண்டுமென்றால் 1958 நன்னடத்தைச் சட்டத்தின்படி நன்னடத்தை அலுவலர் நேரில் போய் விசாரித்து அறிக்கை கொடுக்கும் வழி ஏற்கெனவே இருக்கிறது. தூக்குத் தண்டனை வழக்குகளில் குற்றவாளி திருந்த வாய்ப்பு உண்டா என்பதற்கான விவரங்களை ஆரம்பத்திலேயே திரட்ட வேண்டும் என்று 2022-ல் மனோஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இந்த வழிதான். அது தண்டனையைக் குறைப்பதற்கான தேடல், கூட்டுவதற்கான கணிப்பு இல்லை. ஐரோப்பிய யூனியன்கூட 2024 சட்டத்தில், ஆளின் குணாதிசயத்தை மட்டும் வைத்து அவர் குற்றம் செய்வார் என்று கணிக்கும் மெஷின்களைத் தடை செய்திருக்கிறது.

அப்படியென்றால் ஜாமீன் கோர்ட்டில் கம்ப்யூட்டருக்கு வேலையே இல்லையா? இருக்கிறது. ஒரே ஒரு திசையில். வெளியே விடச் சொல்வதற்கு மட்டும் அது பேசலாம். உள்ளே வைக்கச் சொல்ல அதற்கு வாய் இருக்கக் கூடாது. உள்ளே வைக்க வேண்டுமென்றால் நீதிபதி தன் பேனாவால், இந்த ஆள், இந்தச் சாட்சி, இந்தப் பயம் என்று காரணம் எழுத வேண்டும். ஃபார்முலா கோர்ட் நோட்டீஸ் போர்டில் ஒட்டும் அளவுக்குச் சின்னதாக இருக்க வேண்டும். தண்டனையில் முடியாத எஃப்.ஐ.ஆர். கணக்கில் வரவே கூடாது. ஊரில் எத்தனை வருடம் என்ற கேள்வியை எடுத்துவிட்டு, போன் நம்பர் உண்டா, சொந்த ஊரில் தகவல் சொல்ல ஆள் உண்டா என்று கேட்டால் போதும்.

ஏனென்றால் வராமல் போகிறவர்களில் நிறையப் பேர் ஓடிப்போகிறவர்கள் இல்லை, மறந்துபோகிறவர்கள், தேதி புரியாதவர்கள், லீவு கிடைக்காதவர்கள். நியூயார்க்கில் சம்மன் ஃபாரத்தை எளிதாகப் புரியும்படி மாற்றி எழுதியதில் வராதவர்கள் 13 சதவீதம் குறைந்தார்கள். வாய்தாவுக்கு முன் செல்போனில் ஞாபகப்படுத்தியதில் 21 சதவீதம் குறைந்தார்கள். 2020-ல் வந்த ஆய்வு இது. எந்த ஆளுக்கும் மார்க் போடவில்லை, யாரையும் உள்ளே வைக்கவில்லை, செலவு ஒரு எஸ்.எம்.எஸ். ஆளை எப்போதும் கண்காணிக்க வேண்டும் என்பதும் இல்லை. கூகுள் மேப்பில் இருப்பிடத்தைப் போலீஸுக்குக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்ற ஜாமீன் நிபந்தனையை 2024 ஜூலையில் ஃபிராங்க் வைடஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்று சொல்லிவிட்டது.

இ-கோர்ட்ஸ் திட்டத்தில் வழக்கு விவரத்தை செல்போனுக்கு அனுப்பும் வசதி ஏற்கெனவே இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் கோர்ட்டில் ஜாமீன் பத்திரம் எழுதும் அன்றே அந்த ஒடிசா பையனின் நம்பரை, அவன் அம்மாவின் நம்பரோடு சேர்த்து வாங்கிக்கொள்ளலாம். 10.30 கையெழுத்தை அவனுடைய வாராந்திர லீவு நாளுக்கு மாற்றலாம். வாய்தாவுக்கு இரண்டு நாள் முன்பு தேதி, நேரம், எந்தக் கோர்ட் ஹால், எந்த பஸ் ஸ்டாப்பில் இறங்க வேண்டும் என்று ஒரு செய்தி போகலாம். ஒடியாவில் போக வேண்டும்.